ஊட்டி சீசன்: காரை எங்கே நிறுத்துவது, எங்கிருந்து தொடங்குவது?

உறையூர்க்காரி (திருச்சி)

வணக்கம். மே மாதம் இரண்டாவது வார இறுதியில் குடும்பத்தோடு நீலகிரி வருகிறோம். வெள்ளி மாலை குன்னூர் வந்து சேர்வோம், அங்கே இரண்டு இரவு தங்கல். சனிக்கிழமை முழுவதும் ஊட்டிக்கு. ஞாயிறு மதியத்துக்குள் மேட்டுப்பாளையம் இறங்கிவிட வேண்டும். எங்கள் சொந்தக் காரில்தான் வருகிறோம், நீலகிரிக்குள் வெளியூர் வண்டி வருவதற்கான இ-பாஸ் எடுத்துவிட்டோம்.

என் அம்மாவுக்கு மூட்டுவலி. சமதரையில் அரை மணி நேரம் நடப்பார், ஏற்றம் என்றால் சிரமம். பிள்ளைகளுக்கு எட்டு வயதும் பதினொரு வயதும் ஆகின்றன. தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா மூன்றையும் பார்க்க ஆசை. நேரம் இருந்தால் ரோஜா பூங்கா.

சீசனில் ஊட்டிக்குள் பார்க்கிங் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி வந்தே பொழுது போய்விடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். முதலில் எங்கே போய் நிறுத்துவது? எந்த இடத்தில் நாளைத் தொடங்குவது? உள்ளூர்க்காரர்கள் சொல்லுங்கள்.

கோவைப்பயணி

இதில் குழம்ப ஒன்றுமில்லை. குன்னூரிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். தாவரவியல் பூங்கா காலை 7 மணிக்குத் திறக்கும். அந்த நேரத்தில் பூங்கா பக்கத்திலேயே நிறுத்த இடம் கிடைக்கும். அம்மாவும் வாசலிலேயே இறங்கிக்கொள்ளலாம். பார்த்து முடித்ததும் காரை எடுத்துக்கொண்டு படகு இல்லம், அங்கிருந்து தொட்டபெட்டா. நாங்கள் எப்போதும் இப்படித்தான் செய்கிறோம்.

எல்க்ஹில்வாசி (உதகை)

கோவைப்பயணி சொன்னதில் முதல் பாதியை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். காலை 7 மணிக்குப் பூங்கா வாசலில் இருப்பதைவிடச் சிறந்த தொடக்கம் ஊட்டியில் கிடையாது. புல்வெளியில் பனி காயாமல் இருக்கும், கூட்டம் வந்திருக்காது, பிள்ளைகள் ஓடலாம். ஆனால் காரை அங்கே விடாதீர்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு மே மாதமும் இதே தவற்றில்தான் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாட்டிக்கொள்வதைப் பார்க்கிறேன்.

நீங்கள் பூங்காவை விட்டு வெளியே வரும் பத்தரை, பதினொரு மணிக்கு ஊரே பூங்காவை நோக்கி வந்துகொண்டிருக்கும். நகர நடுவில் இருக்கும் சேரிங்கிராஸ் சந்திப்பிலிருந்து பூங்கா வரை இருக்கும் சாலை சின்னது. எதிரே வரும் வரிசையைத் தாண்டி வெளியேறவே வெகுநேரம் பிடிக்கும். அதன்பின் படகு இல்லத்தில் புதிதாக இடம் தேட வேண்டும். அங்கே அப்போது உச்சக் கூட்டம். காலையில் கஷ்டப்பட்டு எழுந்து பிடித்த இடத்தைப் பதினொரு மணிக்கு வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, நகரத்தின் மிக நெரிசலான நேரத்தில் மறுபடி தேடத் தொடங்குகிறீர்கள்.

ஊரின் அமைப்பைப் பாருங்கள். தாவரவியல் பூங்கா வடகிழக்கு மூலையில், தொட்டபெட்டாவின் அடிவாரச் சரிவில் இருக்கிறது. ஏரி தென்மேற்கில். இரண்டுக்கும் நடுவே வரிசையாகச் சேரிங்கிராஸ், கமர்ஷியல் சாலை, மார்க்கெட், பஸ் நிலையம், ரயில் நிலையம். ஏரிதான் ஊரின் தாழ்வான பகுதி. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில், 1820களில், ஓடைகளைத் தடுத்து உண்டாக்கிய ஏரி அது. கோடப்பமந்து கால்வாய் இன்றைக்கும் நகரத்தின் நடுவே ஓடி அதில்தான் போய்ச் சேர்கிறது. தண்ணீர் போகிற வழியில் நீங்களும் போனால் ஏற்றம் உங்களுக்கு இல்லை. மூட்டுவலி இருப்பவரை வைத்துக்கொண்டு வருகிற குடும்பத்துக்கு இதைவிட முக்கியமான செய்தி இல்லை.

ஆகவே கார் நிற்க வேண்டியது நாள் முடிகிற பக்கத்தில். பஸ் நிலையம், ரயில் நிலையம் சுற்றுவட்டாரத்தில் ஏழு மணிக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். சீசனுக்கென்று ஒதுக்கும் பார்க்கிங் திடல்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த வாரம் காவல்துறை வெளியிடும் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டு புறப்படுங்கள். காரை விட்டதும் ஆட்டோவில் பூங்காவுக்குப் போங்கள். பிறகு நாள் முழுவதும் கொஞ்சம் நடை, கொஞ்சம் ஆட்டோ என்று மெல்ல இறங்கி வந்தால் மாலையில் கார் பக்கத்திலேயே நிற்கும்.

டிஎன்43ஓட்டுநர் (குன்னூர்)

ஐயா சொன்னது சரி. ஒரு திருத்தம் மட்டும். அம்மாவை ஆட்டோவில் ஏற்றி இறக்க வேண்டாம் அக்கா. ஏழு மணிக்குப் பூங்கா வாசலில் ஒரு நிமிடம் நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிடுங்கள், யாரும் விரட்டமாட்டார்கள். பிறகு உங்கள் வீட்டுக்காரர் மட்டும் காரை ரயில் நிலையப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு ஆட்டோவில் திரும்பி வரட்டும். அந்த நேரத்தில் மொத்தமே இருபது நிமிட வேலைதான். ஒன்பதரை மணிக்கு மேல் இதையே செய்ய நினைத்தால் நடக்காது. வாசலில் நிற்கவே விடமாட்டார்கள்.

மலையில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். கியரில் விட்டு, வண்டி இறக்கம் பார்த்து நின்றால் சக்கரத்தை ஓரக்கல் பக்கமும், ஏற்றம் பார்த்து நின்றால் அதற்கு எதிர்ப்பக்கமும் திருப்பி வையுங்கள். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் பலருக்கு இந்தப் பழக்கம் இல்லை.

கேத்திபள்ளத்தாக்கு

எல்லோரும் காரை எங்கே விடுவது என்றே பேசுகிறீர்கள். குன்னூரில் தங்குகிறவர்கள் காரைக் குன்னூரிலேயே விட்டுவிட்டு ரயிலில் ஊட்டி போகலாமே! வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகமண்டலம் என்று நிலையங்கள் வரும். வழியெங்கும் கேத்திப் பள்ளத்தாக்கு கண்ணுக்குள் நிறையும். 1899இல் குன்னூர் வரைக்கும் 1908இல் ஊட்டி வரைக்கும் போட்ட பாதை, 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்ட பாதை. அதை வாசலில் வைத்துக்கொண்டு சாலையில் புகையைச் சுவாசித்தபடி நிற்பது எனக்குப் புரியவே இல்லை. பிள்ளைகளோடு வருகிறீர்கள், அவர்களுக்கு இதுதான் நினைவில் நிற்கும்.

சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள்தான் என்று உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டிய நிலை வந்துவிட்டது. 2024 மே 7 முதல் இ-பாஸ், 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பு. ஒரு கார் குறைந்தால் இந்த ஊருக்கு ஒரு கார் லாபம்.

உறையூர்க்காரி

ரயில் யோசனை மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் முன்பதிவு ஏற்கெனவே நிறைந்துவிட்டது. அன்றைக்கே டிக்கெட் வாங்கி ஏறலாமா? அம்மா நிற்க முடியாது என்பதுதான் கவலை.

கேத்திபள்ளத்தாக்கு

குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே முன்பதிவில்லாப் பெட்டி உண்டு. மே மாதச் சனிக்கிழமைக் காலை என்றால் வரிசையில் முன்கூட்டியே போய் நிற்க வேண்டும், அதை மறைக்கவில்லை. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குப் புறப்படும் ரயில் குன்னூர் வரும்போது ஏற்கெனவே நிறைந்துதான் வரும், அதை நம்ப வேண்டாம்.

டிஎன்43ஓட்டுநர் (குன்னூர்)

கேத்தி அண்ணன் ரயில் மேல் வைத்திருக்கும் பாசம் எனக்கும் உண்டு. ஆனால் காலையில் வேண்டாம். வரிசையில் நின்று டிக்கெட் கிடைத்து, ரயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடி, ஊட்டி நிலையத்தில் இறங்கி, பூங்காவுக்குப் போவதற்குள் அந்த ஏழு மணி அமைதி போய்விடும். மூட்டுவலி இருப்பவருக்குக் கூட்டம் இல்லாத காலைதான் பெரிய வசதி. ரயிலை மாலைக்கு வையுங்கள். எப்படி என்று பின்னால் எழுதுகிறேன், இப்போது சவாரி வந்திருக்கிறது.

வான்கூவர்தமிழன்

அருவங்காட்டில் பிறந்து வளர்ந்து இப்போது கனடாவில் இருக்கிறேன். எல்க்ஹில்வாசி ஐயா சொன்ன ஊர் அமைப்பைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இங்கே விஸ்லர் என்று ஒரு பெரிய பனிச்சறுக்கு மலை இருக்கிறது. அதற்கும் ஒரே நுழைவாயில் கிடையாது. வான்கூவரிலிருந்து 99ஆம் எண் நெடுஞ்சாலையில் வரும்போது முதலில் கிரீக்சைடு என்ற அடிவாரம் வரும். இன்னும் சில கிலோமீட்டர் போனால் விஸ்லர் வில்லேஜ், அதையொட்டி பிளாக்கோம்ப் மலையின் அடிவாரம். புதிதாக வருகிறவர்கள் பெயர் கேள்விப்பட்ட வில்லேஜுக்கே போய் அங்கே இடம் தேடுவார்கள்.

பழகியவர்கள் வேறு விதமாகக் கணக்குப் போடுவார்கள். காலையில் கேபிள் கார் எங்கே ஏறினாலும் மேலே போய்விடலாம், மலை முழுவதும் சுற்றலாம். மாலையில் கால் சோர்ந்த பிறகு எந்தச் சரிவில் இறங்கப் போகிறோம், அந்தச் சரிவு எந்த அடிவாரத்தில் முடிகிறது என்பதுதான் அவர்கள் கேட்கும் கேள்வி. 2010 ஒலிம்பிக்கில் மலைச்சரிவுப் பந்தயங்கள் கிரீக்சைடில்தான் முடிந்தன. அந்தச் சரிவில் இறங்கினால் நேரே கிரீக்சைடுதான். கார் வில்லேஜில் நின்றால் பனிக் காலணியோடும் பலகைகளோடும் பஸ்ஸைத் தேட வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அழுகைதான். மலை எதுவானாலும் இறங்கும் வழியைப் பார்த்து வண்டியை விடுவது பொருந்துகிறது.

கோவைப்பயணி

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒரு சந்தேகம். பகலில் மழை வந்துவிட்டால்? மே மாதம் மதியத்துக்கு மேல் திடீரென்று கொட்டும். கார் தொலைவில் இருக்கிறது, கையில் பிள்ளைகள், வயதான அம்மா. பக்கத்தில் கார் இருப்பது அப்போது எவ்வளவு ஆறுதல்! குடை, ஸ்வெட்டர், மாற்றுத்துணி எல்லாம் காரில்தானே இருக்கும்.

எல்க்ஹில்வாசி (உதகை)

நல்ல கேள்வி. மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். நான் சொன்ன வரிசைப்படி வந்தால் அந்த நேரத்தில் நீங்கள் ஏரிப் பக்கம், காருக்கு அருகில் இருப்பீர்கள். பூங்கா பக்கம் காரை விட்டுவிட்டு ஏரியில் மழையில் மாட்டிக்கொண்டால்தான் திண்டாட்டம். ஊரே ஒரே நேரத்தில் ஆட்டோ தேடும்.

காலையில் எல்லோரும் ஒரு ஸ்வெட்டரும் ஒரு குடையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இந்த மாவட்டத்தில் தடை உண்டு, சோதனைச்சாவடியில் பார்ப்பார்கள், அபராதமும் உண்டு. இதைக் கெடுபிடி என்று நினைக்காதீர்கள். கீழே போடும் ஒவ்வொரு பாட்டிலும் ஓடையில் மிதந்து ஏரிக்கும், காட்டுக்குள் போய்க் காட்டெருமையின் வயிற்றுக்கும் போகிறது.

பூங்காவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1848இல் மக்ஐவர் என்ற தோட்டக்கலை வல்லுநர் உருவாக்கத் தொடங்கியது, ஏறத்தாழ 55 ஏக்கர். மலைச்சரிவில் அடுக்கடுக்காக மேலே ஏறும். அம்மா எல்லா அடுக்குக்கும் ஏற வேண்டியதில்லை. நுழைவாயிலை ஒட்டிய கீழ்ப்பகுதியில் அகன்ற புல்வெளியும், பெரிய மரங்களும், உட்கார இடமும் இருக்கின்றன. ஒருவர் அவரோடு இருக்க, மற்றவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேலே போய் வரலாம். கல்லாகிப்போன பழைய அடிமரம் ஒன்று அங்கே இருக்கிறது. உங்கள் மூத்த பிள்ளை அதன் முன்னால் நின்று கேள்வி மேல் கேள்வி கேட்கும் பாருங்கள். மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களாக இருந்தால் இந்த அமைதி எதையும் எதிர்பார்க்காதீர்கள், தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ரோஜா பூங்கா எல்க்ஹில் சரிவில் இருக்கிறது. அங்கும் மேடை மேடையாக ஏறி இறங்க வேண்டும். அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரே நாளில் இரண்டு பூங்காவும் வேண்டாம் என்பது என் கருத்து.

உறையூர்க்காரி

ரோஜா பூங்காவை விட்டுவிடுகிறோம். தொட்டபெட்டா? அதுதான் அம்மாவின் ஆசை. நீலகிரியின் உச்சியில் நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

கோத்தகிரிதேயிலை

அதைச் சனிக்கிழமை வைக்கவே வைக்காதீர்கள் அக்கா. உங்கள் பயணத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது.

சீசனில் வழக்கமாக மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வருகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், கீழே இறங்குகிற வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள். நீங்கள் ஞாயிறு மேட்டுப்பாளையம் இறங்கப் போகிறீர்கள். அதாவது எங்கள் கோத்தகிரி வழி. தொட்டபெட்டா சந்திப்பு ஊட்டியிலிருந்து கோத்தகிரி போகிற அதே சாலையில்தான் இருக்கிறது, அங்கிருந்து சிகரம் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். ஞாயிறு அதிகாலை குன்னூரில் அறையைக் காலி செய்துவிட்டு மூட்டை முடிச்சோடு கிளம்புங்கள். அந்த நேரத்தில் ஊட்டி தூங்கிக்கொண்டிருக்கும், நகரத்தைக் கடந்து நேரே தொட்டபெட்டா. 2,637 மீட்டர் உயரம். காலையில்தான் வானம் தெளிவாக இருக்கும். மதியம் போனால் மூடுபனியைத் தவிர ஒன்றும் தெரியாது. வண்டி நிற்கும் இடத்திலிருந்து பார்க்கும் இடம் வரை சிறு ஏற்றம் உண்டு, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறலாம்.

பார்த்துவிட்டு அப்படியே கோத்தகிரி, அங்கே காலை உணவு, பிறகு மேட்டுப்பாளையம். திரும்பி வருகிற வேலையே இல்லை. சனிக்கிழமை மாலை தொட்டபெட்டா போய் அதே சாலையில் ஊட்டிக்குள் திரும்பினால், அந்த வார இறுதியின் மிக மோசமான இரண்டு மணி நேரம் உங்களுக்குத்தான்.

எங்கள் ஊர்க்காரர்கள் சார்பில் சில வேண்டுகோள்கள். இறங்கும்போது இரண்டாவது கியரில் வாருங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். கொண்டை ஊசி வளைவில் நிறுத்திப் புகைப்படம் எடுக்காதீர்கள். சீசன் நாட்களில் ஆம்புலன்ஸ் இந்தச் சாலையில் கத்திக்கொண்டே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்தவர் எங்கள் தெருக்காரர். அன்றைக்கு வழியை அடைத்து நின்றது சாலையோரம் ஒழுங்கில்லாமல் விட்டிருந்த இரண்டு கார்கள். பார்க்கிங் என்பது உங்கள் வசதியைப் பற்றியது மட்டுமல்ல என்று நான் சொல்வது அதனால்தான்.

குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானைகள் சாலைக்கு வரும். நீங்கள் பகலிலேயே இறங்குவதால் பயமில்லை. ஆனாலும் அங்கே வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள்.

கோவைப்பயணி

இறங்கும் வழியில் தொட்டபெட்டா என்பது எனக்குத் தோன்றவில்லை. மிக நல்ல யோசனை. கேரளாவிலிருந்தும் மைசூரிலிருந்தும் வருகிறவர்களுக்கும் இதே கணக்குப் பொருந்துமா?

எல்க்ஹில்வாசி (உதகை)

அவர்கள் கூடலூர் வழியாக வருகிறவர்கள், ஊரின் மறுபக்கம். பைக்காரா, ஒன்பதாவது மைல் என்ற இடம், பைன் காடு எல்லாம் அவர்கள் வரும் சாலையிலேயே இருக்கின்றன. வரும்போதோ போகும்போதோ பார்த்துக்கொள்ளலாம், ஊட்டிக்குள் வந்து மறுபடி அதற்காகப் போகக் கூடாது. நகரத்துக்குப் பிங்கர்போஸ்ட் பக்கமாகவே நுழைந்து, ஏரிப் பக்கம் காரை விட்டுவிட்டு, ஆட்டோவில் பூங்காவுக்குப் போய் இறங்கி வரலாம். மசினகுடி வழியாகக் கல்லட்டியில் இறங்கலாம் என்று கைப்பேசி வரைபடம் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள், மிகச் செங்குத்து. வெளியூர் வண்டிகளை அந்த வழியில் இறங்க விடுவதில்லை, விபத்துகள் அவ்வளவு நடந்திருக்கின்றன. கர்நாடகம் போகிறவர்கள் பந்திப்பூரில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை இருப்பதையும் நினைவில் வைத்துக் கிளம்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள்.

டிஎன்43ஓட்டுநர் (குன்னூர்)

வந்துவிட்டேன். மாலை ரயில் விஷயம்.

அக்கா, நீங்களும் கார் ஓட்டுவீர்களா? ஓட்டுவீர்கள் என்றால் இப்படிச் செய்யலாம். கார் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. படகு இல்லத்தை முடித்துக்கொண்டு நிலையத்துக்கு வாருங்கள். வீட்டுக்காரர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மாலை ரயிலில் குன்னூர் வரட்டும். நீங்கள் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு சாலையில் வந்து நிலையத்தில் அவர்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். டிக்கெட் கிடைக்கவில்லை என்றாலும் நஷ்டமில்லை, எல்லோரும் காரிலேயே வந்துவிடலாம். கார் பூங்கா பக்கம் நின்றிருந்தால் இது முடியுமா? முடியாது.

கேத்திபள்ளத்தாக்கு

தம்பி, அருமை. ஊட்டியிலிருந்து வரும்போது லவ்டேல் தாண்டியதும் பிள்ளைகளை ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள். டிக்கெட்டுக்கு ஒருவர் முன்னதாகவே வரிசைக்குப் போய்விடட்டும், மற்றவர்கள் ஏரியில் இருக்கும்போதே. நிலையமும் ஏரியும் பக்கம்தான்.

உறையூர்க்காரி

எனக்கும் ஓட்டத் தெரியும், திருச்சியில் தினமும் ஓட்டுகிறேன். ஆனால் மலையில் இறங்கிப் பழக்கமில்லை. ஊட்டியிலிருந்து குன்னூர் வரை மட்டும் என்றால் சமாளிக்க முடியுமா?

டிஎன்43ஓட்டுநர் (குன்னூர்)

முடியும். ஊட்டி–குன்னூர் சாலை அகலமானது, குன்னூர்–மேட்டுப்பாளையம் போல வளைவுகள் கடுமையாக இருக்காது. இருட்டுவதற்கு முன் கிளம்புங்கள். பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் பதற வேண்டாம், இடம் கிடைக்கும் இடத்தில் ஒதுங்கி வழி விடுங்கள். வெள்ளிக்கிழமை குன்னூர் வந்து சேரும்போது மலையடிவாரத்தில் இருக்கும் கல்லாறுக்கு மேல் கொஞ்ச தூரம் நீங்களே ஓட்டிப் பாருங்கள், வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும்போது. ஏற்றத்தில் கியர் பழகிவிட்டால் சனிக்கிழமை மாலை கை தானாக வரும்.

உறையூர்க்காரி

அப்படியே செய்கிறேன். சனிக்கிழமை ஆறு மணிக்குக் கிளம்பிப் பூங்கா வாசலில் இறங்குகிறோம், அவர் காரை ரயில் நிலையப் பக்கம் விட்டுவிட்டு வருவார். தொட்டபெட்டா ஞாயிறு காலை, கோத்தகிரி வழியாக இறக்கம். ஒரே ஒரு கேள்வி பாக்கி. பூங்காவிலிருந்து சேரிங்கிராஸ் வரை அம்மா நடக்கலாமா, இல்லை அங்கிருந்தே ஆட்டோ பிடித்துவிடவா?

எல்க்ஹில்வாசி (உதகை)

ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், இறக்கம்தான். வழியில் திபெத்தியர் சந்தை இருக்கிறது, கம்பளித் துணி பார்த்துக்கொண்டே இடையில் நின்று நின்று வரலாம். அன்றைக்கு மூட்டு ஒத்துழைக்கவில்லை என்றால் பூங்கா வாசலிலேயே ஆட்டோ நிற்கும். பதினொரு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள், அதற்கு மேல் ஆட்டோவும் நகராது.